திண்டிவனத்தில் ஓர் இரவும் மருத்துவக் கல்வியும்

நோய் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை கிருமி, மருந்து, மருத்துவர் ஆகிய மூன்றுமே. அறிவியல் மாணவர்களாகிய நமக்கு இவற்றுள் முதலாவது நன்கு பழக்கமானது. நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறோம், செய்முறைப் பதிவேட்டில் படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறோம். ஆனால் திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் வேறு கணக்குச் சொல்கிறார். நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து மருந்து கொடுப்பவன் என்னும் நான்கு கூறுகளும் சேர்ந்ததே மருத்துவம் என்கிறார். அந்த நான்காவது ஆளைச் சற்று எண்ணிப் பாருங்கள். அருகில் இருக்க அவனுக்கு நேரம் வேண்டும். அன்றைய கூலியை இழந்தாலும் அடுப்பெரிய வேண்டும். இப்படிப் பார்க்கத் தொடங்கினால் நோயின் பாதிப் பகுதி மருத்துவமனைச் சுவருக்கு வெளியே கிடப்பது புலப்படும்.

அந்த வெளிப் பகுதியை மருத்துவ மாணவர்களுக்கு எவ்வாறு கற்பிக்கிறார்கள், எவ்வாறு கற்பிக்கலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள். விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் நான் இதனை எழுத முன்வந்ததற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று நம் ஊரைச் சேர்ந்தது. மற்றொன்று என் வீட்டைச் சேர்ந்தது. அது பின்னர் வரும்.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியை அறியாதவர் தமிழ்நாட்டில் இல்லை. அதற்கு வித்திட்டது நம் திண்டிவனத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி என்பதை நம் ஊரிலேயே பலர் அறியார். ஐடா ஸ்கடர் 1870-ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய தந்தை ஜான் ஸ்கடர் அமெரிக்க ஆர்க்காட்டு மிஷனைச் சேர்ந்த மருத்துவர். அமெரிக்காவில் பள்ளிக் கல்வியை முடித்த ஐடா, நோயுற்ற தாய்க்குத் துணையாக இருப்பதற்காக, தந்தை பணியாற்றி வந்த திண்டிவனத்திற்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு இருபதை ஒட்டிய வயது. மருத்துவம் படிக்கும் எண்ணமோ இந்தியாவில் தங்கும் விருப்பமோ அவருக்கு அப்போது இல்லை.

ஒருநாள் இரவு மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் முகமதியர், மற்றொருவர் வேறு சாதியைச் சேர்ந்த இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். ஐடா வர வேண்டும் என்று மூவரும் கேட்டனர். எனக்கு மருத்துவம் தெரியாது, என் தந்தை மருத்துவர், அவர் வருவார் என்றார் ஐடா. அயல் ஆடவர் எங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பது வழக்கமில்லை என்று மூவரும் திரும்பிப் போயினர். பொழுது விடிந்தபோது சாவு மேளம் கேட்டது. ஆளனுப்பி விசாரித்ததில் மூன்று பெண்களும் இறந்துவிட்டது தெரிந்தது. இந்த நிகழ்ச்சிதான் ஐடாவின் வாழ்க்கையைத் திருப்பியது என்பார்கள். இறந்த மூவரும் இக்கதையில் பெயர் இல்லாமலே வந்து போகிறார்கள் என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது.

அந்த இரவைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம். மருத்துவர் ஊரிலேயே இருந்தார். விழித்துக்கொண்டும் இருந்தார். வர மறுக்கவில்லை. கணவன்மார் அக்கறையற்றவர்களும் அல்லர். நள்ளிரவில் விளக்கெடுத்துக்கொண்டு ஓடி வந்தவர்களை அப்படிச் சொல்ல இயலாது. பின் எதனால் இறந்தார்கள்? உதிரப் போக்கு, வலிப்பு, குழந்தை குறுக்கே கிடந்தது என்று மருத்துவ நூல் ஏதேனும் ஒரு காரணத்தைச் சொல்லும். ஆனால் மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே நின்றது ஒரு வழக்கம். மூன்று வெவ்வேறு சமூகத்தார், மற்றெல்லாவற்றிலும் தனித்தனியே வாழ்ந்தவர்கள், இந்த ஒன்றில் மட்டும் ஒரே வழக்கத்தைக் கொண்டிருந்தார்கள்.

ஐடா அமெரிக்கா திரும்பி மருத்துவம் பயின்று 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900-இல் வேலூரில் சிறு மருத்துவச் சாலை, 1902-இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று அவர் பணி வளர்ந்தது. ஆண்களை அங்கே 1947-இல்தான் சேர்த்தார்கள். அவர் அந்த வழக்கத்தோடு மோதவில்லை. ஆடவர் பார்க்கக் கூடாதென்றால் பெண் மருத்துவர்களை உண்டாக்குவோம் என்று அதனைச் சுற்றிக்கொண்டு போனார். இது சரியா, வழக்கத்தையே எதிர்த்திருக்க வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. பிரசவ வலி ஒரு தலைமுறைக்குக் காத்திருக்காது என்பது என் விடை. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-இல் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றவர்கள் மற்றொரு வழியில், சட்டமன்றத்திலும் மேடையிலும், வழக்கங்களோடு நேருக்கு நேராகவே போராடினார்கள். இரண்டும் தேவைப்பட்டன. 2018-20 ஆண்டுகளின் கணக்குப்படி ஒரு இலட்சம் பிரசவங்களுக்குத் தாய்மார் இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54.

சமுதாயக் காரணம் என்ற சொல் அறிவியல் மாணவர்க்குச் சற்றுக் காற்றில் மிதப்பது போலத் தோன்றலாம். எனவே நமக்குத் தெரிந்த கொக்கிப்புழுவையே எடுத்துக்கொள்வோம். இதன் வாழ்க்கைச் சுழற்சியை வரையாத விலங்கியல் மாணவர் யார்? மலத்தோடு வெளியேறும் முட்டை ஈரமான, நிழலான மண்ணில் பொரிக்கிறது. இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்சென்று, இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, சிறுகுடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. அன்கைலோஸ்டோமா வகைப் புழு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 0.2 மில்லிலிட்டர் இரத்தத்தை இழக்கச் செய்யும். நெக்கேட்டர் வகையால் ஏற்படும் இழப்பு 0.03 மில்லிலிட்டர். முதல் வகையில் நூறு புழுக்கள் இருந்தால் நாளைக்கு 20 மில்லிலிட்டர். மாதத்திற்கு அரை லிட்டருக்கும் மேல்.

தேர்வில் இதற்குப் பத்து மதிப்பெண். ஆனால் அந்தப் படத்தில் மண்ணிலிருந்து பாதத்திற்கு ஓர் அம்புக்குறி போடுகிறோமே, அதைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. அந்த அம்புக்குறிக்குள் என்னென்ன இருக்கின்றன! வீட்டில் கழிப்பறை இல்லாமை இருக்கிறது. கட்டிய கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லாமையும் இருக்கிறது. நடவு வயலில் செருப்போடு இறங்க முடியாது என்னும் தொழிலின் இயல்பு இருக்கிறது. சில தெருக்களில் சிலர் செருப்பணிந்து நடக்கக் கூடாது என்று இருந்த கொடுமையும் அதற்குள் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அத்தனைக்கும் புழு காரணமன்று; உணவில் இரும்புச் சத்துக் குறைவே முதன்மையான காரணங்களுள் ஒன்று. எனினும் இரத்தசோகை உள்ள நடவுப் பெண்ணுக்கு இரும்புச் சத்து மாத்திரையும் பேரீச்சம்பழம் சாப்பிடும்படி அறிவுரையும் கொடுத்தனுப்புகிற மருத்துவர், படத்தின் கடைசிப் பாகத்தை மட்டும் படித்தவர் என்றுதான் சொல்ல வேண்டும்.

செல் கொள்கையில் நாம் சந்தித்த ருடால்ஃப் விர்கோவும் இதே இடத்திற்கு வந்து சேர்ந்தவர்தான். 1848-இல் மேல் சைலீசியாவில் டைபஸ் காய்ச்சல் பரவியபோது பிரஷ்ய அரசு அவரை ஆராய அனுப்பியது. வயது 26. திரும்பி வந்து அவர் எழுதிய பரிந்துரையில் மருந்தைவிடக் கல்வி, தன்னாட்சி, வரிச் சீர்திருத்தம், அம்மக்களின் தாய்மொழியான போலிஷ் மொழிக்கு உரிமை ஆகியவையே முன் நின்றன. காய்ச்சலுக்கும் தாய்மொழிக்கும் என்ன தொடர்பு என்று அன்றைய அதிகாரிகள் வியந்திருக்கக் கூடும். மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரியாமல் பக்கத்து வீட்டுப் பையனிடம் நீட்டும் தாயைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பில்லை.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் தந்தை திண்டிவனத்தில் மூட்டை தூக்கும் தொழிலாளி. அரசு ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் என்று பலகையில் எழுதியிருக்கும் இடத்தை நாங்கள் கமிட்டி என்போம். நெல்லும் மணிலாவும் வரும் பருவத்தில் விடியலுக்கு முன்பே அங்கே ஆள் நிற்க வேண்டும். நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது அவருக்குக் காசநோய் கண்டது. ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார்கள். மாத்திரை இலவசம். அதை வாங்கப் போகும் நேரம் இலவசமன்று. காலை ஒன்பது மணிக்குமேல் போய் வரிசையில் நின்று வாங்கித் திரும்பினால் அன்றைய வேலை போயிற்று. இரண்டாம் மாதம் இருமல் நின்றது. அறுவடைப் பருவமும் வந்தது. தந்தை மாத்திரையை விட்டுவிட்டார். மூன்று வாரம் கழித்து இரத்தத்தோடு இருமல் திரும்பியபோது அழைத்துப் போனோம். அங்கிருந்த மருத்துவர், "படிச்சுப் படிச்சுச் சொன்னேனேய்யா, உயிர்மேல ஆசை இல்லையா உனக்கு?" என்று எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். தந்தை தலை குனிந்து நின்றார். கூலியைப் பற்றி அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

கேட்டவர் அங்கே பயிற்சியில் இருந்த ஓர் இளம் பெண் மருத்துவர். சளிப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்கும்போது, "ஐயா, காலையில வேலைக்கு எத்தனை மணிக்குக் கெளம்புவீங்க?" என்றார்.

"நாலரைக்கெல்லாம் கமிட்டியில நிக்கணும்மா. லேட்டாப் போனா மூட்டை வேற ஆளுக்குப் போயிடும்."

"சாயந்திரம் வீட்டுக்கு எப்ப வருவீங்க?"

"ஆறு, ஆறரை ஆயிடும்."

அவ்வளவுதான். எங்கள் தெருவிலேயே குடியிருந்த அங்கன்வாடி ஆயாவிடம் மாத்திரையைக் கொடுத்து வைக்க ஏற்பாடு செய்தார். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தந்தை அங்கே போய் விழுங்கிவிட்டு வருவார். சில நாள் மறந்தால் ஆயா வாசலுக்கே வந்து, "அண்ணே, மாத்திரை" என்று குரல் கொடுப்பார். வள்ளுவர் சொன்ன நான்காவது ஆள்! மருந்து மாறவில்லை. நோய் குணமாயிற்று.

இதில் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சமுதாயக் காரணங்களைப் பேசுவோர் மருந்தின் ஆற்றலைக் குறைத்துப் பேசுவதுண்டு. அது தவறு என்பதைச் சென்னையே நிலைநாட்டியது. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையம், ஏழை நோயாளிகளில் ஒரு பிரிவினரைச் சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் தந்தும், மற்றொரு பிரிவினரை அவரவர் குடிசையிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். 1959-இல் வெளியான இம்முடிவு உலகம் முழுவதும் காசநோய் மருத்துவத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. அப்படியானால் உணவு பொருட்டன்றா? 2023-இல் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வு அதற்கு விடை தருகிறது. காசநோயாளியின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் உணவுப் பொருள் கொடுத்ததில், அவர்களுக்குப் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. வந்த நோயை மருந்து தீர்க்கிறது. யாருக்கு வரும் என்பதைத் தீர்மானிப்பதில் சோறும் பங்கெடுக்கிறது. விடாமல் மருந்து சாப்பிட முடியுமா என்பதைக் கூலியும் நேரமும் தீர்மானிக்கின்றன.

அந்தப் பயிற்சி மருத்துவருக்கு "எத்தனை மணிக்கு வேலைக்குப் போவீர்கள்" என்று கேட்கக் கற்றுக்கொடுத்தது யார் என்ற எண்ணம் எனக்கு நெடுநாள் இருந்தது. தேடிப் படித்ததில், இத்தகைய கேள்விக்கு 300 ஆண்டு வரலாறு இருப்பது தெரிந்தது. 1700-இல் இத்தாலிய மருத்துவர் ரமாசினி, தொழிலாளர் நோய்கள் பற்றிய தம் நூலில், நோயாளியிடம் வழக்கமாகக் கேட்பவற்றோடு உன் தொழில் என்ன என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்று எழுதினார். நம் நாட்டில் 1946-இல் போர் குழு அறிக்கை, நாட்டுக்குத் தேவைப்படுபவர் சமுதாய மருத்துவர் என்று கூறி, மருத்துவ மாணவர் ஒவ்வொருவருக்கும் மூன்று மாதம் நோய்த்தடுப்பு மற்றும் சமுதாய மருத்துவத்தில் பயிற்சி வேண்டும் என்றது. 1977-இல் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று வட்டாரங்களின் பொறுப்பை ஏற்க வேண்டும் என்ற திட்டம் வந்தது. குழுக்களுக்கும் திட்டங்களுக்கும் நம் நாட்டில் என்றுமே பஞ்சமில்லை!

வகுப்பறையில் இதற்குச் சில கருவிகள் உண்டு. அவற்றுள் ஒன்று 1976-இல் குப்புசாமி வகுத்த அளவுகோல். நகரக் குடும்பம் ஒன்றின் தலைவருடைய கல்விக்கு 7, தொழிலுக்கு 10, குடும்ப வருமானத்திற்கு 12 என மொத்தம் 29 மதிப்பெண். கூட்டிப் பார்த்து ஐந்து வகுப்புகளில் ஒன்றில் சேர்ப்பர். வருமானத் தொகைகளை விலைவாசிக்கு ஏற்ப அவ்வப்போது திருத்திக்கொள்கிறார்கள். நானும் எங்கள் வீட்டிற்குப் போட்டுப் பார்த்தேன். கீழ்த்தட்டில் வந்தது. வியப்பில்லை. ஆயிரம் குடும்பங்களை ஒப்பிட இது பயன்படும். ஆனால் நாலரை மணி என்பது அந்த 29-இல் எங்கும் இல்லை. அதை ஒருவர் வாயைத் திறந்து கேட்டுத்தான் அறிய முடியும்.

கேட்கப் பழக்குவதில் முன்னோடியாக விளங்குவது, நம் ஊர் இரவில் கருக்கொண்ட அதே வேலூர்க் கல்லூரிதான். ஐடா காலத்திலேயே குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி மருத்துவம் பார்க்கும் வழக்கம் இருந்தது. பின்னாளில் பாகாயத்தில் சமுதாய நலத்துறை அமைத்து, கணியம்பாடி வட்டாரத்தைத் தன் பாடசாலையாகவே ஆக்கிக்கொண்டது. முதலாண்டு மாணவர்கள், பிணவறையும் உடற்கூறும் மட்டுமே அறிந்த நிலையில், ஒரு கிராமத்திற்குப் போய்ச் சில வாரம் தங்குகிறார்கள். வீடு வீடாகச் சென்று எத்தனை பேர், என்ன வேலை, எங்கிருந்து தண்ணீர், என்ன சமையல், கடன் உண்டா என்று விசாரிக்கிறார்கள். மருத்துவம் தெரியாத நிலையில் அனுப்புவதில்தான் இதன் நுட்பம் இருக்கிறது என்பது என் கருத்து. மருந்தெழுதத் தெரிந்தவன் இரண்டு நிமிடத்தில் எழுதிவிடுவான். தெரியாதவன் உட்கார்ந்து கேட்டுத்தான் ஆக வேண்டும். 1977-இல் அக்கல்லூரி கே.வி. குப்பத்தில் தொடங்கிய ஊரக மையம் இன்னும் ஒருபடி மேலே சென்று, மருத்துவத்தோடு கால்நடை வளர்ப்பு, தொழிற்பயிற்சி ஆகியவற்றையும் சேர்த்தே நடத்தியது.

2022 முதல், மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் முதலாண்டிலேயே சில கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்து, படிப்பு முடியும்வரை தொடர்ந்து பார்த்துவர வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் விதித்துள்ளது. நல்ல ஏற்பாடு. தத்து என்ற சொல்தான் உறுத்துகிறது. உழைத்துண்ணும் குடும்பத்தைப் பதினெட்டு வயது மாணவர் தத்தெடுப்பதா? ஆசிரியராக ஏற்கிறேன் என்று சொல்லிப் பழகினால் நன்றாக இருக்கும். வெள்ளை அங்கியோடு வேனில் வந்திறங்கி, எடையும் உயரமும் இரத்த அழுத்தமும் எழுதிக்கொண்டு, நிழற்படம் எடுத்துத் திரும்புவதாகவும் இது முடிந்துவிடலாம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் நாமே கழிப்பறைகளை எண்ணியவர்கள்தாமே! எண்ணிக்கை எளிது. கட்டிய கழிப்பறையில் ஏன் விறகு அடுக்கியிருக்கிறார்கள் என்று கேட்டு, விடைக்காகத் திண்ணையில் காத்திருப்பதுதான் கடினம்.

நம் மாவட்டத்திற்கென்று முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிப்போர்க்கு நம் பகுதியில் பாடங்கள் ஏராளம். கமிட்டிக்கு விடியற்காலையில் வந்தால் முதுகுவலியும் நெல்தூசியும் கூலிக் கணக்கும் ஒரே இடத்தில் கிடைக்கும். வானூர்ப் பக்கத்துக் கல்குவாரியில் இருமுகிறவரிடம் தொழிலைக் கேளாமல் காசநோய் என்று எழுதிவிடக் கூடாது என்பதும், கல்தூசியே நுரையீரலைக் கெடுக்கும், காசநோயையும் எளிதில் வரவழைக்கும் என்பதும் அங்கே போனால் மறக்காது.

மரக்காணம் உப்பளத்திற்கும் ஒருநாள் அழைத்துப் போகலாம். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க இருட்டிலேயே பாத்தியில் இறங்குகிறார்கள். சுற்றிலும் வெட்டவெளி, மறைவுக்கு ஒரு புதருமில்லை. சிறுநீர் கழிக்க இடமில்லாத இடத்தில் வேலை செய்யும் பெண்கள் தாகத்தை அடக்கிக்கொண்டு தண்ணீரைக் குறைத்தே குடிப்பார்கள். உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்தால் சிறுநீரகம் என்ன பாடுபடும் என்பதை உடலியல் பாடத்தில் நாமும் படித்திருக்கிறோம். நீர்க்கடுப்பு என்று அப்பெண் மருத்துவமனைக்கு வரும்போது, நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று எழுதுமுன், வேலை செய்யும் இடத்திலிருந்து கழிப்பறை எத்தனை தூரம் என்று அந்த மாணவர் கேட்க வேண்டும். பாத்தி வரப்பின்மேல் அவளோடு ஒரு காலைப் பொழுது நின்றிருந்தால், அக்கேள்வியை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிராது.